பழையாற்றில் ஒரு வள்ளப் பிரயாணம்

கீரிப்பாறைக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. ரப்பர் மரங்களினூடே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மின்மினிகள் வரிசை பிடித்துச் செல்வதுபோல் இருந்தது. சர்க்கார் ரப்பர்த் தோட்டம் அது. 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல, கன்னியாகுமரி ஜில்லாவின் இந்த ரப்பர்க் காடுகளிலேதான் புது வாழ்வு தொடங்கின. ரப்பருக்கும் மேலே, மாறாமலைப் பக்கத்தில், கிராம்பு விளைகிறது. அதற்கும் மேலே காடும் மேகமும்தான்.

நம்முடன் வந்திருந்த ஓவியர் நண்பருக்குக் குளிர் ஆகாது. ஆயினும் ஓடையைக் கண்டதும் அவர் தம்மை மறந்து இறங்கிவிட்டார். பாறைமேல் வழுக்கி வரும் நீர் பளிங்குபோல் இருந்தது. அடியிற் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். ஒரு மிடறு குடித்துப் பார்த்தவர், கையிலிருந்த பாட்டிலில் இருந்த ஸோடாவைக் கொட்டிவிட்டு அந்த நீரை நிரப்பிக்கொண்டார்.

"இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று தேநீர்க் கடைக்காரரைக் கேட்டோம்.

"வெள்ளம் எங்க போவும்? கடலுக்குத்தான்" என்றார் அவர். நாஞ்சில் நாட்டில் நீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். கண்ணாடிக் குவளையைக் கழுவிக்கொண்டே, "ஆனா போய்ச் சேருதாண்ணு நான் பாத்ததில்ல. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் நம்மை அது விடவில்லை. நீரோடு கூடவே இறங்கிப் போவதற்கு வழியில்லை. மலைச்சாரலில் பாறையும், கீழே அணைக்கட்டுகளும் குறுக்கே நிற்கின்றன. ஆகவே மறுகோடிக்குச் சென்று, கடல் முகத்திலிருந்து ஒரு வள்ளத்தில் ஏறி, ஆற்றை எதிர்த்து மேலே வருவது என்று தீர்மானித்தோம். மணக்குடியிலிருந்து சுசீந்திரம் வரையில் போய்விட வேண்டும் என்பது நம் நோக்கம். தேசப்படத்தில் அது விரற்கடை தூரம்தான்.

இந்த மலைகளில் பெய்யும் மழையின் கதை சற்றுச் சுற்றிவளைத்துப் போவது. ஓடைகளில் சில பரளியாற்றுக்குப் போகின்றன. சில, சுருளோடு என்னும் இடத்தினருகே பழையாறாகத் திரண்டு, பூதப்பாண்டி, கோட்டாறு, சுசீந்திரம் வழியே தெற்கு நோக்கி நடந்து மணக்குடியில் கடலைச் சேர்கின்றன. பரளியாற்றுக்குப் போன நீரும் முழுவதும் அந்தப் பக்கமே போய்விடுவதில்லை. பண்டைக் காலத்தில் ஒரு பாண்டிய மன்னன் பரளியாற்றை மறித்து அணை கட்டி, வாய்க்கால் ஒன்று வெட்டி, அதன் நீரைப் பழையாற்றுக்குத் திருப்பினான் என்பது மரபு. அணைக்குப் பாண்டியன் அணை என்றும், வாய்க்காலுக்குப் பாண்டியன் கால் என்றும் இன்றளவும் பெயர். பின்பு 1906-ம் வருஷம் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது. அதைக் கட்டிய மிஞ்சின் என்னும் எஞ்சினீயரின் சமாதி அணைக்கு அருகிலேயே இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு பரளியாற்றில் பெருஞ்சாணி அணை வந்தது. இவ்வாறாக, பழையாற்றில் ஓடும் நீரில் ஒரு பங்கு பிறந்த இடத்தால் பழையாற்றினுடையது அன்று. தத்து வந்த பிள்ளை. நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு போக நெல்லும் இந்த ஏற்பாட்டின்மேல் நிற்கின்றன.

வந்த நீரை ஆறு சும்மா ஓட விடுவதில்லை. வீரப்புலி, பள்ளிகொண்டான், செட்டித்தோப்பு, சபரி, குமரி, சோழன்திட்டை என்று, பத்துக்கும் மேற்பட்ட அணைகள் படிப்படியாக அதை நிறுத்தி நிறுத்தி வயலுக்கும் குளத்துக்கும் பிரித்து அனுப்புகின்றன. எல்லோரும் குடித்து மிஞ்சியது மணக்குடிக்கு வரவேண்டும்.

தை மாதத்துக் காலை நேரம். மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைக்கும் பாலத்தின் அடியில் வள்ளக்காரர் நமக்காகக் காத்திருந்தார். அறுபத்தைந்து பிராயம் இருக்கலாம். கடலில் போனது போதும் என்று இப்போது காயலில் மட்டும் வலை போடுகிறார். "அப்பன் காலத்துல அயினி மரத்து வள்ளம். இது பைபர்" என்று சிறிது வெட்கத்துடன் வள்ளத்தைத் தட்டிக் காட்டினார்.

தெற்கே பார்த்தோம். காயலுக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடு. அதனிடையே சில கஜ அகலத்துக்கு நீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. இந்த வாயைத்தான் பொழி என்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகிப் பொழியைத் திறந்துவிடும். மழை ஓய்ந்ததும் கடல் மணலை வாரிக் கொட்டிக் கொட்டி அதை அடைத்துவிடும். ஆறும் கடலும் வருஷந்தோறும் ஒரே கதவை மாறி மாறித் திறப்பதும் சாத்துவதுமாக இருக்கின்றன என்க.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி கடல் அந்தக் கதவின் வழியாக உள்ளே வந்தது. "அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஐயா" என்று மட்டும் வள்ளக்காரர் சொன்னார். பழைய பாலத்தின் கான்கிரீட் தளங்களை அலை பெயர்த்து ஆற்றின் மேல்பக்கமாக எறிந்தது. இரண்டு மணக்குடிகளிலும் அழுகை ஓயப் பலநாள் ஆயிற்று. இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவோரெல்லாம் சிலகாலம் படகில்தான் போனார்கள். அவர் வள்ளமும் அப்போது ஆள் ஏற்றியதா என்று கேட்டோம். "எந்த வள்ளம்? அது கெடைக்கவேயில்ல" என்றார். அதற்குமேல் நாம் கேட்கவில்லை.

வள்ளம் நகர்ந்தது. துடுப்பு நமக்குத் தேவைப்படும் என்று எண்ணி, இரண்டு நாள் முன்னதாகவே தோள்களைப் பழக்கி வைத்திருந்தோம். அது வீண் பிரயாசை. காயலில் பெரும்பாலும் இடுப்பளவு நீர். நிறைய இடங்களில் முழங்காலளவுதான். வள்ளக்காரர் பின்கோடியில் நின்று நீண்ட மூங்கிற் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளினார். ஊன்றுவது எளிது, உருவுவதிலேதான் வித்தை இருக்கிறது. உருவும்போது கழியைச் சிறிது திருக வேண்டும். நாம் திருகாமல் இழுத்தோம். கழி சேற்றில் நின்றது, வள்ளம் முன்னே போயிற்று, நாம் இரண்டுக்கும் நடுவே எந்தப் பக்கம் சேருவது என்று தீர்மானிக்க ஒரு விநாடிதான் கிடைத்தது. ஓவியர் நண்பர் இதைப் படமாக எழுதியிருக்கிறார். அதை வெளியிடுவதில்லை என்று ஆசிரியரிடம் வாக்குப் பெற்றுவிட்டோம்.

ஆழமில்லாத நீர் என்றால் நம்மவர்களுக்குச் சற்று இளப்பம். ஆழம் மிகுந்தது கடல். ஆழம் குறைந்தது குட்டை. ஆனால் காயலில் அரை மணி நேரம் போனதும் அந்த எண்ணம் கரைந்துபோயிற்று. சூரிய வெளிச்சம் அடிவரையில் இறங்குவதனாலேயே அடியில் பாசி வளர்கிறது. பாசியினால் புழுவும் இறாலும் பெருகுகின்றன. மடவையும் கரிமீனும் அவற்றைத் தேடி வருகின்றன. ஆழ்கடலிலிருந்து முட்டையும் குஞ்சுமாக வருகிற எத்தனையோ இனங்களுக்கு இந்தச் சேறுதான் தொட்டில். கால் நீண்ட பறவைகளெல்லாம் இங்கே கூடுவதன் இரகசியமும் அதுவே. நாரைக்குக் கால் எட்டாத நீர் எத்தனை பெரிதாயிருந்து என்ன பயன்?

வலப்பக்கம் ஒரு திட்டில் மஞ்சள் மூக்கு நாரைகள் நின்றன. அலகைச் சிறிது திறந்து நீருக்குள் விட்டு, ஒரு காலால் சேற்றைக் கிளறி, மீன் அலகில் தட்டுப்பட்டதும் 'டப்' என்று மூடிக்கொள்ளும். கண்ணால் தேடுவதே இல்லை. கூழைக்கடாக்கள் அப்படியல்ல, ஐந்தாறு சேர்ந்து வட்டமிட்டு மீன்களை நடுவே ஒதுக்கி, சொல்லிவைத்தாற்போல் ஒரே சமயத்தில் தலையைத் தாழ்த்துகின்றன. ஆலாப் பறவைகள் மேலேயிருந்து கல் விழுவதுபோல் விழுந்தன. புத்தளம் பக்கத்து உப்பளங்களில் சில வருஷங்களில் பூநாரைகளும் இறங்குவதுண்டு. நாம் போன அன்று அவற்றுக்கு வேறு அலுவல் போலும்.

கரையோரத்தில் சுரபுன்னை வேர்கள் நீரில் கால் ஊன்றி நின்றன. சுனாமிக்குப் பிறகு இங்கே அலையாத்தி மரங்களை நிறைய நட்டார்கள். வேர்களினிடையே வள்ளத்தை நுழைத்து நிறுத்தியபோது, இலைகளின் நிழலில் பொடிமீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. ஒரு கூட்டம் திரும்புவது, யாரோ ஒரு வெள்ளித் தட்டை வெயிலில் சாய்த்ததுபோல் இருந்தது.

இரான் தேசத்தில் ராம்ஸர் என்னும் கடற்கரை ஊரில் 1971-ம் வருஷம் பல தேசத்தார் கூடி, இத்தகைய நீர்நிலங்களைக் காப்பதற்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கடல் நீரைப் பற்றி அவர்கள் வகுத்த வரையறை சுவையானது: நீர் வற்றுமுகமாக இருக்கும் வேளையில் ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள இடம்வரையில்தான் அது நீர்நிலம். அதற்குமேல் ஆழமானால் அந்த வரையறைக்குள் அடங்காது! ஆழமின்மையையே தகுதியாக வைத்த சபை உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும்போலும்.

போகிற போக்கில் ஒரு வார்த்தை. இத்தகைய சிறு வள்ளத்துக்கு ஆங்கிலத்தில் 'கனூ' என்று பெயர். கொலம்பஸ் காலத்தில் கரீபியத் தீவுகளின் குடிகளிடமிருந்து ஸ்பானியர்கள் கற்றுக்கொண்ட சொல் அது. வெள்ளைக்காரர்களுடைய மற்றொரு படகுச் சொல்லாகிய 'கட்டமரான்' நம் கடற்கரையிலிருந்து போனது. தாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்ட இரண்டு கரைகளிலும் அவர்கள் படகுகளின் பெயரைக் கற்றுக்கொண்டுதான் திரும்பினார்கள்.

காயலின் வடகோடியை நெருங்கியதும் காற்றில் ஒரு வாடை வந்தது. தேங்காய் மட்டைகளை, கதம்பல் என்பார்கள் இங்கே, கயிறு திரிப்பதற்காக மாதக்கணக்கில் நீரில் ஊற வைக்கிறார்கள். மட்டை அழுகினால்தான் நார் பிரியும். அது அழுகுகையில் சுற்றியுள்ள நீரில் பிராணவாயு குறைந்து மீன் விலகிப்போகிறது. "கயிறுக்காரனும் பிழைக்கணும், நானும் பிழைக்கணும்" என்று சொல்லிவிட்டு வள்ளக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்.

பிறகு கரைகள் இரண்டும் நெருங்கி வந்தன. காயல் ஆறாயிற்று. இருபுறமும் தாழம்புதர், அதன் பின்னே தென்னை, தென்னைகளுக்கு அப்பால், கதிர் சாய்ந்த கும்பப்பூ வயல். தாழைக்குள்ளிருந்து பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் நீட்டி நம்மைப் பார்த்துவிட்டு முழுகிற்று. இந்த ஒரு நாழிகைப் பிரயாணத்துக்காகவே மறுபடியும் மணக்குடிக்குப் போகலாம். பேச்சு நின்றுவிட்டது. கழி நீரில் இறங்கும் சப்தமும், எங்கோ ஒரு கரையில் துணி துவைக்கும் சப்தமுமே கேட்டன.

ஆற்றின் குறுக்கே தடுப்பணை தெரிந்ததும் வள்ளக்காரர் கழியை ஊன்றி நிறுத்தினார்.

"இம்புட்டுத்தான், ஐயா. இதுக்கு அந்தப் பக்கம் நல்ல வெள்ளம், இந்தப் பக்கம் உப்பு வெள்ளம்."

கடல்நீர் வயலுக்குள் ஏறிவிடாதபடி தடுப்பதே இந்த அணையின் வேலை. ஆகையால் இரு பக்கத்தாருக்கும் இதனிடத்தில் வெவ்வேறு நினைப்பு. மேலே உழுகிறவர்களுக்கு நீரைக் கடைசிச் சொட்டு வரையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கீழே வலை வீசுகிறவர்களுக்கோ நல்ல நீர் இறங்கி வந்தால்தான் காயலில் உப்பு அளவாக இருக்கும். மீன் குஞ்சு பிழைக்கும். மழைக்காலத்தில் பொழி திறக்கத் தாமதமானால் கதை தலைகீழாகிவிடும். காயல் பெருகி வயலில் ஏறி நிற்கும். மேலே இருக்கிறவர்கள் பொழியை வெட்டு என்பார்கள். கீழே இருக்கிறவர்கள் வளர்ந்த மீனெல்லாம் கடலுக்குப் போய்விடுமே என்பார்கள். நம் வள்ளக்காரருக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. அவருடைய மகளை அணைக்கு மேலே ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மருமகனுக்கு ஒன்றரை ஏக்கர் குத்தகை வயல். "பொழி வெட்டுத அண்ணைக்கு அவன் வீட்டுக்கு நான் போறதில்ல. அவனும் இங்க வாறதில்ல. மறுநாள் மீன் கொண்டு போய்க் குடுத்துருவேன்" என்றார்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தின் வட எல்லையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் அடங்கிய ஒரு காட்டுப் பிரதேசம் இருக்கிறது. 1978-ம் வருஷம் தனிச் சட்டமே செய்து, பெரும்பாலான ஏரிகளில் மோட்டார்ப் படகு வராதபடி அதைக் காத்துவருகிறார்கள். அங்கே செல்வோர் ஏரி முடிந்ததும் வள்ளத்தைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். அந்த நடையை மைலால் அளப்பதில்லையாம். பதினாறரை அடிக் கோலால் அளப்பார்களாம். ஏறக்குறைய ஒரு வள்ளத்தின் நீளம் அது. நாமும் அவ்வாறே வள்ளத்தைத் தூக்கி அணைக்கு மேலே இறக்கிவிட்டால் என்ன என்று கேட்டோம். ஓவியர் உடனே தம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வள்ளக்காரர் மட்டும் மறுப்புச் சொல்லாமல், "தூக்குவோம். ஆனா மேல ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

ஏறிப் பார்த்தோம். அணைக்கு மேலே ஆறு இல்லை. பச்சைப் புல்தரை இருந்தது. அப்படித்தான் முதலில் தோன்றிற்று. ஆகாயத்தாமரை கரையிலிருந்து கரைவரை அடைத்துக் கிடந்தது. ஊதாப் பூக்கள் பூத்து அழகாகக்கூட இருந்தது. கழியால் ஓர் இடத்தில் விலக்கிப் பார்த்தபோது உள்ளே நீர் கறுத்திருந்தது. மணமும் நல்லதாயில்லை. நாகர்கோவில் பெருநகரம் ஆகிவிட்டது. அதன் சாக்கடைகள் பழையாற்றில் விழுகின்றன. சாக்கடையிலுள்ள சத்தை உண்டு ஆகாயத்தாமரை கொழுக்கிறது. அது மூடிக்கொண்டால் வெளிச்சம் உள்ளே இறங்காது. வெளிச்சமில்லாத நீரில் பாசியில்லை, மீனில்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது இத்தனையும் பெயர்ந்து அணையைத் தாண்டிக் காயலுக்குள் வருகிறது. உப்பு பட்டுச் செத்து, அடியில் அமிழ்ந்து அழுகுகிறது.

"பத்து வருசத்துல காயல் ஒரு முழம் ஏறிப்போச்சு. தரை ஏறிப்போச்சுண்ணு சொல்லுதேன், வெள்ளம் இல்ல" என்றார் வள்ளக்காரர்.

காயல் ஆழமில்லாதது என்று மகிழ்ந்தோமல்லவா? ஆழமில்லாத நீருக்கு இழக்க ஒரு முழம்கூடக் கிடையாது. பெரிய ஏரியில் ஒரு முழச் சேறு படிந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு முழம் என்றால் வள்ளம் தட்டும். அடுத்த முழத்தில் நாணல் முளைக்கும். அதற்குப் பிறகு யாராவது வந்து வேலி போடுவார்கள்.

வள்ளத்தைத் தூக்கும் யோசனையைக் கைவிட்டு, அவரை அணையடியில் இருக்கச் சொல்லிவிட்டு, நாம் இருவரும் கரைவழியே நடந்தோம். சுசீந்திரத்தின் ஏழு நிலைக் கோபுரம் தென்னைகளுக்கு மேலே எழுந்து வழிகாட்டிற்று. வெயில் உச்சிக்கு வந்தபோது தேரூர்க் குளக்கரையை அடைந்தோம். குழந்தைகளுக்கும் பாட்டுக் கட்டிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ம் வருஷம் பிறந்த ஊர் இது. குளத்தில் அல்லியும் தாமரையும். தாமரை இலைமேல் கால்விரல் பரப்பி நடக்கும் இலைக்கோழி. கோரைக்குள் நீலத் தாழைக்கோழிகள். உழவுக்காக வெட்டிய குளத்தைப் பறவைகள் தமக்கே வெட்டியதாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. யார் மறுப்பது? 2015-ம் வருஷம் சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்து சர்க்கார் காப்பிடமாக அறிவித்தார்கள். 2022-ல் சுசீந்திரம்-தேரூர் நீர்நிலம் ராம்ஸர் ஜாபிதாவிலும் இடம்பெற்றது. அளவு 94 ஹெக்டேருக்குச் சற்று மேல். அதே ஜில்லாவில் நான்கு வழிச் சாலை போடுவதற்காகக் குளங்கள் பலவற்றின் ஊடே மண்ணைக் கொட்டியதும் இதே காலத்தில்தான் நடந்தது. ஒரு கை பட்டயம் எழுதிற்று. மற்றொரு கை மண்வெட்டி பிடித்தது.

குளக்கரையில் ஒரு பனைநிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். ஓவியர் நண்பர் சாப்பிடும்போதும் கையை ஓயவிடவில்லை. நாரை ஒன்றுக்கு மூக்கில் மஞ்சள் தீட்டப் போய்ப் புளிச்சோற்றையே தொட்டு வைத்துவிட்டார். நிறம் சரியாகத்தான் வந்திருக்கிறது.

மாலையில் அணையடிக்குத் திரும்பியபோது வள்ளக்காரர் தூங்கி எழுந்து, கரிமீன் ஐந்தாறு பிடித்து ஓலையில் கோத்து வைத்திருந்தார். மகள் வீட்டுக்காம். திரும்பும்போது நீரோட்டத்தோடு போனோம். கழிக்கு அவ்வளவு வேலையில்லை. காயலின் நடுவே வந்ததும் அவருக்குத் தாகம் எடுத்தது. தாம் கொண்டுவந்த குடுவை காலியாகிவிட்டது என்றார். ஓவியர் பையைத் துழாவி, கீரிப்பாறையில் நிரப்பிய பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு வெள்ளம், ஐயா?"

சொன்னோம். இந்த ஆற்றின் தலைப்பக்கத்து நீர்தான் என்பதையும் சொன்னோம். அவர் நம்பவில்லை. மூடியை இறுக்கி, மிச்சத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கி, கரிமீன்களின் பக்கத்தில், வெயில் படாதபடி சாக்கின் கீழ் வைத்துக்கொண்டார்.